சிலுவை போட்டு முடிப்பதற்குள்

எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் இரண்டு இருக்கிறது. ஆனாலும் என் மனைவி நேரத்தை ஜெபத்தால்தான் அளப்பாள். முட்டை வேக ஜெபமாலையில் இரண்டு பத்து. தோசையைத் திருப்பிப் போட ஓர் அருள் நிறைந்த மரியே. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் விபத்துப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே நாடி பார்க்கும்போது கையில் வாட்ச் உண்டு. வீட்டு வாசலைத் தாண்டியதும் அதைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவாள். தோசைக்கும் ஆச்சு, புண்ணியத்துக்கும் ஆச்சு என்பது அவள் கணக்கு.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் திருப்பக்கூடிய எல்லாவற்றையும் திருப்பி அணைத்துவிட்டுத்தான் செருப்பு போடுவாள். கேஸ், கீசர், இஸ்திரிப் பெட்டி. ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போக ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. நான் ஆட்டோ பிடித்துத் தொம்மலூருக்குத் திரும்பி வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. ரயில்தான் போய்விட்டது.

நான் இருபத்திரண்டு வருடம் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தவன். மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்த வேலையை நான் மனமார ரசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் கேக் வெட்டி, கைதட்டி, சிரித்த முகத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. காபி ஃபில்டரில் குற்றம், மசாலா டப்பா அடுக்கியதில் குற்றம், துணி காயப் போட்ட விதத்தில் குற்றம். இருபத்தைந்தாவது நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதையாவது ஒண்ண வாங்கிக்கோங்க. எதுவா இருந்தாலும் சரி. ஷெட்டுல வெச்சு அதுல தப்பு கண்டுபிடிங்க."

ஆக, லேத் என்கிற கடைசல் இயந்திரம் வீட்டுக்கு வந்தது அவள் வாயால்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் நான் இதைத்தான் நினைவூட்டினேன். அவள் அதை ஒருபோதும் பதிலாக ஏற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. தொம்மலூரின் பழைய ஊருக்குள் எங்கள் சந்தில் கார் நுழையாது என்பது வீட்டைக் கட்டியவருக்கு ஷெட்டைக் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்ததாம். அந்த ஷெட்டில்தான் லேத்தை இறக்கினோம். பீன்யாவில் மூடிய ஒரு மரப் பட்டறையிலிருந்து வாங்கியது. பச்சைப் பெயின்ட், இரும்பு உடம்பு, மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டு மின்சாரத்தில் அதை ஓட்டுவதற்கு டிரைவ் என்று ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நம்பர் காட்டுகிற சின்னத் திரை வேறு. மரத்தைச் சுழலவிட்டு உளியை வைத்தால் சீவல் நூலாக உரிந்து வரும். அந்த வாசனையில் எனக்கு வைட்ஃபீல்ட் மறந்து போனது. சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்றுதான் குறை. அணைத்தாலும் அது நிற்காது.

மழைக்கு எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் விழுந்திருந்தது. அதிலிருந்து பன்னிரண்டு கிலோவுக்கு ஒரு வட்டத் துண்டு பிடித்து வைத்திருந்தேன். தாம்பாளம் கடையலாம் என்று திட்டம். அதை மாட்டி ஓட்டிவிட்டு அணைத்தால், சத்தம் மட்டும் அடங்கும். மரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பொறுமையாக நிற்க வேண்டும். பொறுமை இருந்திருந்தால் நான் ஏன் ஃபில்டரில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். உள்ளங்கையை மரத்தின் விளிம்பில் மெல்ல வைத்து அழுத்துவேன். கை சூடாகும், மரம் நிற்கும். ஐந்தாறு வாரம் என் உள்ளங்கைதான் அந்த இயந்திரத்தின் பிரேக்.

ஒருநாள் விளிம்பில் ஒரு பிசிறு நின்றது. நான் கவனிக்கவில்லை. கட்டைவிரலின் அடியில் ஆழமாகக் கிழித்துவிட்டது.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மூளை இருப்பவன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். எனக்கு வழி தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். விபத்துப் பிரிவில் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றது என் மனைவி.

"பேர்?"

"என்ன, தெரியாதா உனக்கு?"

"பேர் சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"வயசு?"

ஒன்று குறைத்துச் சொன்னேன். அவள் சரியானதை எழுதிக்கொண்டாள்.

"எப்படி ஆச்சு?"

"மெஷின்ல."

"ஓடுற மெஷின்ல கைய விட்டீங்களா?"

"இல்ல. நிறுத்தின மெஷின்ல."

"நிறுத்தின மெஷின் எப்படி சார் வெட்டும்?"

பக்கத்துப் படுக்கையில் காலில் கட்டோடு இருந்தவர்கூட என் பதிலுக்காகத் தலையைத் திருப்பினார். நான்கு தையல் போட்டார்கள். போடும்போது அவள் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அது நர்ஸ் பிடித்ததா மனைவி பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில், ட்யூட்டிக்குக் கிளம்பும் முன், அவள் ஷெட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்தப் பெரிய மரத்த மாட்டுங்க. முழு வேகத்துல ஓட்டுங்க. நான் சொல்றப்ப ஆஃப் பண்ணுங்க."

அணைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். இரண்டு அருள் நிறைந்த மரியே முழுதாகப் போய், மூன்றாவதில் பாதி வந்த பிறகுதான் மரம் நின்றது.

"ரெண்டரை. இதுக்குள்ள ஒரு மனுஷன் அஞ்சு தடவ கைய விடுவான். அதுவும் நீங்க பத்து தடவ விடுவீங்க." மரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "இந்த வாரத்துல மட்டும் எங்க வார்டுல மூணு விரல் பாத்தேன். அதுல ஒண்ணு ஐஸ் டப்பாவுல முதல்ல வந்துது. ஆளு பின்னாடி ஆட்டோல வந்தாரு."

"நான் ஜாக்கிரதையா இருப்பேன்மா."

"அவரும் அதத்தான் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் மறுபடி பாப்பேன். நான் சிலுவை போட்டு முடிக்கிறதுக்குள்ள அது நிக்கணும். நிக்கலேன்னா அத்திபெலேக்காரருக்குப் போன் பண்ணிடுவேன்."

அத்திபெலேக்காரர் என்பவர் கட்டில் கால், ஊஞ்சல் கால் கடைந்து விற்கிறவர். எனக்கு மரம் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் லேத்தின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம்னு தோணுச்சுன்னா என்கிட்டயே சொல்லுங்க சார்" என்பார். என் மனைவி அன்றைக்கே போன் செய்துவிட்டாள் என்பது சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

"கை எப்படி சார் இருக்கு?"

"பரவால்ல."

"மெஷின் எப்படி இருக்கு?" இரண்டாவது கேள்வியில்தான் குரலில் அக்கறை தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை டெம்போ எடுத்துட்டு வந்துடறேன். மெஷின் கிடைக்கலேன்னா சும்மா திரும்பிப் போறேன், அதுக்கென்ன."

ஐந்து நாள் இருந்தது. சிலுவை போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவள் அறியாமல் அளந்து பார்த்தேன். பூசையில் அவள் வேகமாகப் போடுவாள், சாப்பாட்டுக்கு முன் இன்னும் வேகம். சராசரி நாலு விநாடி.

முதலில் எனக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. டிரைவில் எத்தனை விநாடியில் நிறுத்த வேண்டும் என்று நம்பர் போடலாம். மூன்று என்று போட்டேன். மரத்தைச் சுழலவிட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அரை விநாடி மரம் அடங்குவதுபோல் தெரிந்தது. உடனே திரையில் ஏதோ எழுத்து மின்னியது, டிரைவ் அணைந்துவிட்டது, மரம் பழையபடி தன் போக்கில் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு என்று போட்டேன். இன்னும் சீக்கிரம் அணைந்தது. நான் எவ்வளவு அவசரப்படுத்தினேனோ அவ்வளவு நேரம் அது சுற்றியது.

டிரைவோடு வந்த சின்னப் புத்தகத்தை அப்போதுதான் பிரித்தேன். விஷயம் எளிது. கனமான மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைப் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்த்தால், மோட்டார் மின்சாரத்தைத் தின்பதை விட்டுவிட்டு மின்சாரத்தை உண்டாக்க ஆரம்பித்துவிடும். அது டிரைவுக்குள்ளேயே திரும்பி வரும். டிரைவால் அதைத் தெருக் கம்பத்துக்கு அனுப்ப முடியாது. தனக்குள் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் கையை விரித்துவிடும். அந்த மின்சாரத்தைக் கொண்டுபோய்க் கொட்டிச் சூடாக்கித் தொலைக்க ஓர் இடம் வேண்டும். அதற்குப் பிரேக் ரெசிஸ்டர் என்று பெயர். என் உள்ளங்கை பார்த்துக்கொண்டிருந்த வேலை.

மின்சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். ஆள் பக்கவாட்டில் மட்டுமே நிற்கக்கூடிய கடை. கடைக்காரர் இரண்டு பேரிடம் கன்னடத்திலும், போனில் உருதுவிலும், என்னிடம் தமிழிலும் ஒரே சமயத்தில் பேசினார்.

"உங்க டிரைவுக்கு அறுபது ஓமுக்குக் கீழ போகக் கூடாது அண்ணா. அந்த சைஸ் ஸ்டாக் இல்ல. சொல்லி வெச்சா பத்து நாள்ல வரும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

"ஏன், கல்யாணமா?"

"அது மாதிரிதான்."

அவர் மேலே பார்த்து யோசித்தார். "அவசரத்துக்கு ஹீட்டர் காயில் எது வேணாலும் ஓடும் அண்ணா. ஓம் மட்டும் பாத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. நடுவுல சுவிட்ச், சூடேறினா தானா அணையற கட்-ஆஃப் எதுவும் இருக்கக் கூடாது. அது ஆஃப் ஆயிடுச்சுன்னா பிரேக் இல்ல, புரியுதா?"

புரிகிறது என்றேன். பத்து நாள் சாமானுக்கும் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் மனைவியிடம் இந்த விஞ்ஞானத்தை விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள், அதில் நியாயம் இருந்தது.

"அந்தச் சூட்ட ஏன் வீணாக்கணும்? தண்ணி காய வெக்கற ராட பக்கெட்டுல போட்டு அதுல விடுங்க. நீங்க மெஷின நிறுத்தினா எனக்கு வெந்நீர் ஆகும்."

எனக்கே ஆசை வந்துவிட்டது. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். மரத்தின் எடை, அகலம், வேகம், பக்கெட்டில் தண்ணீர் எத்தனை லிட்டர். இரண்டு முறை சரிபார்த்தேன்.

"ஒரு பக்கெட் வெந்நீருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் தடவ நிறுத்தணும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ நிறுத்துவீங்க?"

"இருபது."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப ஈஸ்டருக்குக் குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதோடு அவளுக்கு இந்த விஞ்ஞானத்தில் அக்கறை தீர்ந்துவிட்டது. எனக்கும் பக்கெட், தண்ணீர், செருப்பில்லாத கால், அவ்வளவு வோல்ட் எல்லாம் ஒரே ஷெட்டில் இருப்பது பிடிக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தி இருந்தது. ஒருமுறை நிறுத்துவதற்கு வருகிற சூடு ரொம்பக் கொஞ்சம். பெரிய சாமான் தேவையில்லை. கனமான இரும்பும் அதற்குள் ஒரு காயிலும் போதும். மறுநாள் காலையில் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் சூடாகிற சாமான்களை எல்லாம் அளந்துகொண்டே வந்தேன். தண்ணீர் ராட், ஐம்பத்து மூன்று ஓம், ஆகாது. டோஸ்டர், அவள் தினமும் பயன்படுத்துகிறாள். பரணில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது. எழுபது. எனக்காகவே வடித்து வைத்ததுபோல் எழுபது.

அது அவளுடைய பெட்டி. வேலையில் சேர்ந்த முதல் மாதம் சீருடை தேய்க்க வாங்கியது. ஆவி வருகிற புதுப் பெட்டி வந்த பிறகு இதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தாள். கேட்டால் கொடுக்க மாட்டாள். கேட்காவிட்டால் தெரியாது. அவள் ட்யூட்டிக்குப் போன பிறகு எடுத்துவந்து, டிரைவின் அடியில் அலமாரியில் நிறுத்திவைத்து, ஒயரை டிரைவில் முடுக்கி, எர்த்தும் கொடுத்தேன். சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் அதில் ஒரு திருகு உண்டு. கடைக்காரர் சொன்ன கட்-ஆஃப் அதற்குள்தான் இருக்கிறது. திருகைக் கடைசிவரை, பருத்திக்கும் மேலே, திருப்பி வைத்தேன். கட்-ஆஃப் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

பொத்தானை அழுத்தினேன். இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அடங்கியது. மரம் நின்றது. மூன்று விநாடிகூட இல்லை. பன்னிரண்டு கிலோ மரத்தின் வேகம் முழுவதையும் ஓர் இஸ்திரிப் பெட்டி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் சந்தில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா என்று வாசல்வரை போய்விட்டேன். தக்காளி வண்டிக்காரர் மட்டும் இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை.

சோதிப்பதில் நான் கெட்டிக்காரன். லேசான மரம், கனமான மரம், முழு வேகம், அரை வேகம் என்று அந்த வாரம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துத் தயாராக வைத்தேன். இனி ஞாயிறுவரை யாரும் கை வைக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக ஆபீசில் நான் போட்ட சட்டம் அது. செய்து காட்டும் நாளுக்கு முதல் நாள் யாராவது எதையாவது தொட்டால் நான் பேயாட்டம் ஆடுவேன் என்பது மாடி முழுக்கத் தெரியும். வீட்டில்தான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் கறி வாங்கப் போனேன், அவள் நேராக வீட்டுக்குப் போனாள். நான் வரும்போது சந்து முனையில் சின்ன டெம்போ நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் உள்ளே வராது. அத்திபெலேக்காரர் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தோளில் கயிற்றோடு, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். கறிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, தூங்குமூஞ்சித் துண்டை இயந்திரத்தில் மாட்டினேன். கொஞ்சம் ஆடம்பரமாகவே சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"ரெடியா?" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நேராக நின்றாள். மரம் முழு வேகம் எடுத்தது. "ம்" என்றாள். பொத்தானை அழுத்தினேன்.

அரை விநாடி அடங்கியது. திரையில் எழுத்து மின்னியது. டிரைவ் அணைந்தது.

நெற்றி, மார்பு, இரண்டு தோள், ஆமென். மரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. ஒரு அருள் நிறைந்த மரியே. இன்னொன்று. அத்திபெலேக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவதில் பாதி வந்தபோது மரம் நின்றது.

"இப்பவே எடுத்துடலாமா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பழைய இரும்புக்காக அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வந்தது. ஏதோ தூசு விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிபந்தனை நிபந்தனைதான். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்து அடி போல்ட்டில் உட்கார்ந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டிரைவின் விளக்கு முழுதாக அடங்கும்வரை காத்திருந்து, ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தேன். இஸ்திரிப் பெட்டியின் முறை வந்தது.

"அது எதுக்கு அங்க ஒயர்ல மாட்டியிருக்கு?" என்றாள் என் மனைவி.

"எது?"

"என் பெட்டி."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "அதுதான் பிரேக்" என்றேன். "மரத்தோட வேகம் கரன்ட்டா திரும்பி வரும்னு சொன்னேன்ல. அது இந்தப் பெட்டிக்குள்ள போய்ச் சூடாகித் தீரணும். வாரம் பூரா தீந்துச்சு. இன்னிக்குத் தீரல. ஏன்னு தெரியல."

முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

"நாந்தான் ஆஃப் பண்ணேன்" என்றாள்.

"என்ன?"

"பூசையிலிருந்து வந்து கொடைய வெக்க ஷெட்டுக்கு வந்தேன். பெட்டி நிக்க வெச்சிருக்கு, திருகு ஃபுல்லுல இருக்கு. சட்ட தேச்சிட்டு அப்படியே மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். திருப்பி ஆஃப் பண்ணிட்டேன்."

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். திருகு பூஜ்யத்தில் இருந்தது. கட்-ஆஃப் திறந்து கிடந்தால் மின்சாரம் எங்கே போகும். டிரைவ் கையை விரித்ததில் என்ன தப்பு. விளக்கு எரியாததைக்கூட நான் பார்க்கவில்லை. மரத்தையும் அவள் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "யாரு உன்னத் தொடச் சொன்னது?"

"யாரு உங்கள என் பெட்டிய எடுக்கச் சொன்னது?"

"கேட்டா குடுப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சிருக்கும்ல. தெரிஞ்சா திருப்பியிருப்பேனா?"

அத்திபெலேக்காரர் மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொடர்வதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் மாறிவிட்டது. "ட்யூட்டிக்குக் கெளம்பறப்ப கேஸ் ஆஃப் பண்றேன். கீசர் ஆஃப் பண்றேன். இஸ்திரிப் பெட்டி ஆஃப் பண்றேன். போய் பஸ்ல உக்காந்தா, ஷெட்டுல நீங்க மட்டும் ஓடிக்கிட்டே இருக்கீங்க. அத எங்க போய் ஆஃப் பண்றது? வார்டுல கைல கட்டோட யாரு உள்ள வந்தாலும் முதல்ல மூஞ்சியத்தான் பாக்கறேன், நீங்களான்னு."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவள்போல் பேர் கேட்டது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்படிக் கேட்காவிட்டால் அவளால் பேனாவைப் பிடித்திருக்க முடியாது. இன்னொன்றும் உறைத்தது. அவள் இப்போது வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். லேத் மத்தியானத்துக்குள் அத்திபெலேயை நோக்கி ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும், எனக்குக் கடைசிவரை காரணம் தெரியாது, அவள் பஸ்ஸில் நிம்மதியாக உட்காரலாம். தான் வேண்டிக்கொண்டது கைக்கு வந்த பிறகு அதைத் தானே தட்டிவிட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"போடுங்க சார், இன்னொரு தடவ பாத்துடலாம்" என்றார் அத்திபெலேக்காரர். கழற்றிய போல்ட்டுகளை அவரே திரும்ப முடுக்கினார். நியாயஸ்தர்.

ஒயரை மாட்டினேன். திருகைக் கடைசிவரை அவளே திருப்பினாள். மரம் முழு வேகம் எடுத்தது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் "பிதா" என்று நெற்றியைத் தொட்டுவிட்டு மார்புக்கு வந்தாள். "சுதன்" என்று சொல்லும்போது மரம் நின்றுவிட்டது. கை மார்பிலேயே நின்றது. பிறகு மெல்ல இரண்டு தோளையும் தொட்டு முடித்தாள்.

"டெஸ்ட் பாஸ்" என்றேன்.

"இல்ல" என்றாள். "யாராவது போற போக்குல திருப்பினா வேல செய்யாத பிரேக், பிரேக்கா? எங்க வார்டுல ஆக்சிஜனுக்கு இப்படி ஒரு திருகு வெச்சா என்ன ஆவும்?"

இருபத்திரண்டு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. திருகு ஒன்று இருந்தால் யாராவது திருப்பத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லாதே, திருகை எடு என்று எத்தனை பேரை நான் அழவைத்திருக்கிறேன். கடைக்காரரும் காதில் போட்டு அனுப்பியிருந்தார்.

தீர்ப்பு இப்படி வந்தது: லேத் இருக்கலாம். திருகு இல்லாத நிஜ ரெசிஸ்டர் வரும்வரை அதை ஓட்டக் கூடாது. பெட்டி வீட்டுக்குள் போக வேண்டும். அத்திபெலேக்காரருக்குக் கறிக் குழம்போடு சாப்பாடு போட்டு அனுப்பினோம். வெற்றுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "மேடம், சாருக்கு மறுபடி கை வெட்டிச்சுன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாள் என்று சொன்ன ரெசிஸ்டர் பதினேழு நாளில் வந்தது. கம்பி வலைக் கூட்டுக்குள், சுவரில், திருப்புவதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறது. அதை மாட்டிய அன்று அவள் நான்கு பக்கமும் தடவிப் பார்த்துத் திருகு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். தாம்பாளமும் கடைந்து முடித்துவிட்டேன். சமதரையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடும். அதில் அவள் குற்றம் கண்டுபிடிக்கவில்லை, அடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்து வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

அவள் வீட்டில் இருக்கும் நாளில், நான் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சமையலறையிலிருந்து முணுமுணுப்பு கேட்கும். மரம் எப்போதும் "சுதன்" வரும்போதே நின்றுவிடும். அவள் விடாமல் ஆமென்வரை சொல்லி முடிப்பாள். ஒருநாள் நான் ஷெட்டிலிருந்தே கேட்டேன்.

"அதுதான் நின்னுடுச்சே, மீதி எதுக்கு?"

"முதல் பாதி மெஷினுக்கு" என்றாள். "மீதி உங்களுக்கு."

நான் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அடுத்த துண்டை எடுத்து மாட்டினேன்.